அவள் சொல்லாத வார்த்தைகளுக்கு நான் கொடுத்த 87,600 ரூபாய்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சிறிய ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். 31 வருடத் தொழில். கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஊருக்கு வேண்டிய எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் ஒரு பெண், இறந்துபோன கணவருக்கு நினைவஞ்சலி அட்டை அடிக்க வந்தார். வேலை முடிந்ததும், "அண்ணா, இதை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா? தொலைக்காட்சியில் ஆவியோடு பேசுகிறவர் கேட்டிருக்கிறார்" என்றார். அட்டைக் கட்டைச் சுற்றிக் கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அவரை உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசினேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

என் மனைவி 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் இறந்தாள். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தாள். உள்ளே என்னை விடவில்லை. பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் போன் வந்தது. பையில் சுற்றிய உடலைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். முகத்தைக் காட்டவில்லை. நான்கு பேர்தான் வரலாம் என்றார்கள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது, ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது. "மாமா, அடுப்பை அணைத்தீர்களா என்று பாருங்கள்." அவ்வளவுதான். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடமிருந்து இவ்வளவுதானா என்று மனது கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னும் ஏதோ சொல்ல நினைத்திருப்பாள், சொல்ல முடியாமல் போயிருப்பாள் என்ற எண்ணம் ஒரு வருடமாக என்னைத் தூங்க விடவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ஏமாறுகிறவர்களுக்குப் படிப்பு இல்லை, அறிவு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இருந்தது இந்த ஒரு பசிதான். அந்தப் பசி உள்ளவர்களைத் தேடித்தான் அந்த நிகழ்ச்சி இரவு பதினோரு மணிக்கு ஒளிபரப்பாகிறது.

2022 ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவள் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தேன். அன்று இரவு தூக்கம் வராமல் டிவியைப் போட்டேன். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, பின்னால் ஒரு விளக்கு. ஒரு தாய் போனில் அழுகிறாள். அவள் மகனின் குரலில் அவர் பேசுகிறார். மூலையில் 'நேரலை' என்ற சிவப்பு எழுத்து. கீழே போன் நம்பர் ஓடிக்கொண்டிருக்கிறது. தெருமுனையில் ஒருவர் உட்கார்ந்து இதையே சொல்லியிருந்தால் நான் நின்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன். டிவியில் வருகிறது என்பதால் யாரோ ஒருவர் சரிபார்த்துத்தான் விட்டிருப்பார்கள் என்று நம்பினேன். அது சேனல் தயாரிக்கும் நிகழ்ச்சியே இல்லை. அரை மணி நேரத்தைப் பணம் கொடுத்து வாங்கி அவர்களே நடத்துகிறார்கள். 'இதில் கூறப்படும் கருத்துகளுக்குத் தொலைக்காட்சி நிறுவனம் பொறுப்பல்ல' என்று தொடக்கத்தில் இரண்டு விநாடி ஒரு வரி வந்து மறைகிறது. அச்சுத் தொழில் செய்கிற என் கண்ணிலேயே அது படவில்லை. இப்படி ஒரு நிகழ்ச்சியைப் பார்க்க நேர்ந்தால் முதலில் அந்த வரியைத் தேடுங்கள். பொறுப்பல்ல என்று அவர்களே கைகழுவிவிட்ட பிறகு எதை நம்பி நாம் பணம் அனுப்புவது?

போனை எடுத்தது ஒரு பெண். குரலில் அவ்வளவு பரிவு. முன்பதிவுக்கு 1,100 ரூபாய் என்றார். அதோடு விடவில்லை, அரை மணி நேரம் பேசினார். எந்த ஊர், என்ன தொழில், பிள்ளைகள் எத்தனை, எப்படி இறந்தார்கள், எந்த மருத்துவமனை, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு வருடமாக என் மனைவியைப் பற்றி அவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டதில்லை. வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள். அதனால் நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். கடைசியில் ஒரு புகைப்படம் கேட்டார். அவள் முகம் தெளிவாக இருந்த படம் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அட்டையில்தான் இருந்தது. அதையே படம் எடுத்து அனுப்பினேன். அவள் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, சொந்த ஊர், மகள், மருமகன், பேரன் பெயர் வரை எல்லாம் அந்த அட்டையில் இருக்கிறது. என் கையாலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ஒன்பது நாள் கழித்து மீடியம், அதாவது ஆவியோடு பேசுவதாகச் சொல்லும் அந்த மனிதர், அதையே சொன்னபோது புல்லரித்துப் போனேன்.

அந்தப் பதிவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். போனில்தான் பேசினேன். மீடியம் முதலில் கேட்டது: "அம்மாவுக்கு இடுப்பு வலி இருந்ததா?" இல்லை. "மஞ்சள் புடவை ஒன்று மிகவும் பிடிக்குமா?" அப்படி ஒன்றும் இல்லை. "ர என்ற எழுத்தில் தொடங்கும் ஒருவர் மேல் பாசம் அதிகமா?" யாரும் இல்லை. இப்படி ஏழெட்டுக் கேள்விகள். பிறகு பேரன் பெயரைச் சொன்னார். மூச்சுத் திணறல் என்றார். அதன் பிறகு குரலை மெல்லியதாக்கி, "என்னங்க, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?" என்றார். நான் உடைந்து அழுதேன். அவள் என் அத்தை மகள். விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள், ஒரு நாளும் 'என்னங்க' என்றதில்லை. அது அந்த நேரத்திலேயே எனக்கு உறைத்தது. பெரியவர் எதிரில் மரியாதைக்காக அப்படிச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நானே அதற்கு ஒரு சமாதானமும் தேடிக்கொண்டேன். ஏமாற்றுகிறவர் பாதி வேலைதான் செய்கிறார். மீதியை நம் ஏக்கம் செய்து முடிக்கிறது. எது பொருந்தவில்லையோ அதை அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பொருந்துவது தானாக நினைவில் நிற்கும், பொருந்தாதது இரண்டு நாளில் மறந்துபோகும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவு என் குரலை டிவியில் கேட்டேன். அன்றைக்கும் மூலையில் 'நேரலை' என்றுதான் இருந்தது. நான் பேசியதோ ஐந்து நாள் முன்பு. போனில் பார்த்தால் அழைப்பு நேரம் 17 நிமிடம். டிவியில் வந்தது நான்கு நிமிடம். இடுப்பு வலி இல்லை, மஞ்சள் புடவை இல்லை, ர எழுத்து இல்லை. பேரன் பெயரும் என் அழுகையும் மட்டும் இருந்தன. என்னைப் போல எத்தனை பேர் அந்த நான்கு நிமிடத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்திருப்பார்கள்! என் அழுகை அடுத்தவருக்கு விரித்த வலையாகிவிட்டது. பணம் போனதைவிட இதை நினைத்தால்தான் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அதன் பிறகு 'நேரடி சந்திப்பு'. மாதம் ஒரு முறை புதுச்சேரியில் ஒரு லாட்ஜில் முகாம் போடுவார்கள். கடலூரிலிருந்து கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். கட்டணம் 5,500. எனக்கு டோக்கன் எண் 14. சாம்பிராணிப் புகை மண்டிய அறையில் பெரிய டிவியில் பழைய நிகழ்ச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. காத்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தோம். டோக்கன் கொடுக்கிற பையன் எங்கள் நடுவிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான், அவ்வப்போது உள்ளே போய் வந்தான். பக்கத்தில் மீனவக் குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மா. மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம். உள்ளே போய்விட்டு வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. "தண்ணீர்ப் பக்கம் தெரிகிறான் என்று சொல்கிறார்" என்றார். இந்தக் கரையில் தண்ணீர்ப் பக்கம் இல்லாத இடம் எது? உயிரோடு இருக்கிறானா என்று கேட்டதற்கு அடுத்த மாதம் வரச் சொன்னாராம்.

பிறகுதான் என் மகள், 2004-ல் அமெரிக்காவில் நடந்த ஒன்றைத் தேடிப் படித்துச் சொன்னாள். சில்வியா பிரவுன் என்ற பிரபல மீடியம், காணாமல் போன மகளைத் தேடிய ஒரு தாயிடம், உன் மகள் இறந்துவிட்டாள் என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். அந்தத் தாய் 2006-ல் இறந்துபோனார். கடத்தி அடைத்து வைக்கப்பட்டிருந்த அந்த மகள் 2013 மே மாதம் உயிரோடு மீண்டு வந்தாள். அதைக் கேட்ட அன்று எனக்கு அந்தக் குப்பத்து அம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

இரண்டாவது சந்திப்பில்தான் என் குடும்பத்தில் கை வைத்தார். "உங்கள் மனைவி நோயால் போகவில்லை. கட்டிக்கொடுத்து வெளியூர் போன ஒரு பெண், உங்கள் ரத்த உறவு, வீட்டுக்குள் சகஜமாக வந்து போகிறவள், செய்வினை வைத்திருக்கிறாள்" என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கட்டிக்கொடுத்து வெளியூர் போன தங்கையோ அக்காவோ இல்லாத வீடு எங்கே இருக்கிறது? என் கடைசித் தங்கை நெல்லிக்குப்பத்தில் இருக்கிறாள். மனைவிக்குக் காய்ச்சல் என்றதும் கஷாயம் வைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தவள் அவள்தான். அந்தக் கஷாயத்தையே நான் சந்தேகப்பட்டேன். ஐந்து மாதம் அவள் போனை எடுக்கவில்லை. ஐப்பசியில் அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டியவன் நான். கடையைப் பூட்டிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பந்தலில் எனக்காக நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன் வந்துகொண்டே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். யாராவது உங்கள் உறவில் ஒருவரை, பெயர் சொல்லாமல், அடையாளம் மட்டும் காட்டிப் பழி சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பணத்தை உழைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த விழா என் மருமகளுக்கு மறுபடி வராது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முன்பதிவு 1,100. இரண்டு சந்திப்புக்கு 11,000. ஆத்ம சாந்தி பூஜை 21,000. செய்வினை எடுக்க 51,000. வீட்டு வாசலில் பதிக்கத் தகடு 3,500. ஆக 87,600. அடகு வட்டி தனி. சின்னத் தொகைகளை யாரோ ஒருவர் பெயரிலிருந்த கணக்குக்குப் போனிலேயே அனுப்பினேன். பெரிய தொகைகளை ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள், ரசீது இல்லை. 51,000-க்காக மனைவியின் மூன்றரை சவரன் சங்கிலியை அடகு வைத்தேன். மகளுக்கு என்று அவள் எடுத்து வைத்திருந்த சங்கிலி. ஒவ்வொரு முறையும் தனியாகவே போனேன், ஒவ்வொரு முறையும் அங்கேயே பணம் கொடுக்க ஒப்புக்கொண்டேன். துக்கத்தில் பங்கில்லாத ஒருவரை, ஒரு நண்பரையோ கடைப் பையனையோ கூட்டிப் போயிருந்தால் 21,000 என்ற பேச்சு வந்தபோதே என் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பார். ரசீது கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

செய்வினை எடுத்த பிறகு 'ஆவி எழுதிய கடிதம்' கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெள்ளைத் தாளில் நீல மையில் சாய்வாக எழுதினார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மடிப்பு கிழியும் அளவுக்குப் படித்தேன். 'நான் நன்றாக இருக்கிறேன், நீங்கள் அழ வேண்டாம். ஜூன் 1 என் பிறந்தநாளில் ஐந்து சுமங்கலிகளுக்குப் புடவை எடுத்துக் கொடுங்கள்' என்று இருந்தது. 2023 ஜனவரியில் மார்கழித் திருவாதிரை வந்தது. அன்றுதான் அவள் பிறந்தநாள். திருவாதிரையில் பிறந்தவள் என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. வருடம் தவறாமல் களி கிண்டி வைத்துவிட்டுச் சிதம்பரத்துக்கு ஆருத்ரா தரிசனம் பார்க்கப் போவாள். பள்ளியில் சேர்க்க வயது நிறையவில்லை என்று தலைமை ஆசிரியர் ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். ஆதாரிலும் அதுவே ஏறிவிட்டது. அந்தத் தேதியை அவள் தன் பிறந்தநாளாக ஒரு முறையும் நினைத்ததில்லை.

களி இல்லாத அடுப்படியில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஜூன் 1. மறுபடி படித்தேன். எழுந்து போய் நினைவஞ்சலி அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஆதாரைப் பார்த்துக் கடைப் பையன் கம்போஸ் செய்த அட்டை. அதற்கு ப்ரூஃப் பார்க்க என்னால் முடியவில்லை, திரையில் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். 31 வருடத்தில் ப்ரூஃப் பார்க்காமல் என் கடையிலிருந்து வெளியே போன ஒரே வேலை அது. என் அட்டையிலிருந்த தேதி இந்தக் கடிதத்தில் இருக்கிறது. செத்தவள் தன் பிறந்தநாளைத் தப்பாகச் சொல்வாளா? அன்று அவள் இரண்டாவது முறை இறந்தது போல அழுதேன்.

"சில நாளாவது ஆறுதல் கிடைத்ததே, அதில் என்ன தப்பு?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பூசாரியிடம் போகிறோம், தர்ப்பணம் கொடுக்கிறோம், அதுவும் நம்பிக்கைதானே என்றும் கேட்டார்கள். தர்ப்பணத்தில் நான் அவளிடம் பேசுகிறேன். அவள் பேசுவதாக அங்கே யாரும் சொல்லிக் காசு கேட்பதில்லை. என் கடையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாலும் வீட்டாரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கித்தான் அச்சேற்றுகிறேன். இறந்தவர் பெயரில் போகிற ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்த மனிதர் என் மனைவியின் வாயில் அவள் சொல்லாததை வைத்தார். அவள் உயிராக நேசித்த நாத்தனார் மேல் அவள் பெயராலேயே கொலைப் பழி போட்டார். "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று மறுக்க அவளால் முடியாது. ஆறுதல் என்பதும் நிற்பதில்லை. முதல் சந்திப்பில் சாந்தி, இரண்டாவதில் பயம், மூன்றாவதில் பரிகாரம். பயம் வராவிட்டால் மூன்றாவது முறை யார் பணம் கொடுப்பார்கள்?

இந்த முறைகள் எதுவும் புதிதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1986-ல் அமெரிக்காவில் பீட்டர் பாப்பாஃப் என்ற தொலைக்காட்சிப் பிரசங்கியார் கூட்டத்தில் இருப்பவர்களின் பெயரையும் நோயையும் கடவுள் சொல்வதாகச் சொன்னார். அவர் காதில் இருந்த சிறு கருவிக்கு அவர் மனைவி ரேடியோவில் தகவல் அனுப்பியதை ஜேம்ஸ் ரேண்டி என்ற மந்திரக் கலைஞர் பதிவு செய்து அம்பலப்படுத்தினார். தகவல் எல்லாம் மக்கள் எழுதிக் கொடுத்த அட்டைகளில் இருந்தது. என் கதையில் அந்த இடத்தில் இருந்தது பரிவான குரலில் பேசிய பெண்ணும் என் நினைவஞ்சலி அட்டையும். கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், அமானுஷ்ய சக்தியைச் சோதனையில் நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்திருந்தார். 1978-ல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை ஒருவரும் வெல்லவில்லை.

புகார் எங்கே கொடுப்பது என்று நான் அலைந்ததால் இதைத் தெளிவாகச் சொல்கிறேன். 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி நெட்வொர்க் விதிகளில் 6-வது விதி, மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சியை ஒளிபரப்பக் கூடாது என்கிறது. விளம்பரம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, நிரூபிக்க முடியாத அற்புத சக்தி இருப்பதாக எந்தப் பொருளையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 7-வது விதியில் இருக்கிறது. தகடு விற்பதற்கு இது அப்படியே பொருந்தும். 2021-ல் வந்த திருத்தத்தின்படி முதலில் சேனலுக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் பதில். பதில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். எனக்குப் பதினான்காம் நாள் பதில் வந்தது: நேரம் விற்கப்பட்டது, நாங்கள் பொறுப்பல்ல. மேல்முறையீட்டுக் கெடு எனக்குத் தெரியாமல் தவறிவிட்டது. நீங்கள் தவறவிடாதீர்கள். மாவட்ட ஆட்சியரும் இந்தச் சட்டத்தில் அதிகாரம் பெற்ற அலுவலர்தான். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நான் மனு கொடுத்தேன். நிகழ்ச்சியின் தேதி, நேரம், போனில் எடுத்த வீடியோ இவற்றோடு கொடுத்தால்தான் மனு நிற்கும். இணையவழியில் பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் இப்படிப்பட்டவற்றைத் தடுக்கத் தனிச்சட்டம் இருக்கிறது. நம்மிடம் இல்லை. இருந்திருக்க வேண்டும். எனக்குப் பணம் திரும்பவில்லை. அந்தச் சேனலில் நிகழ்ச்சி நின்றது, கொஞ்ச நாளில் அதே முகம் வேறொரு சேனலில் வந்தது.

வீட்டில் யாராவது இப்படிப் போய்க்கொண்டிருந்தால் தயவு செய்து கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்துதான் நான் மறைத்தேன். இறந்தவரைப் பற்றி அவர்களிடம் பேசுங்கள், பேச விடுங்கள். அந்த அரை மணி நேரத்தை வீட்டில் யாராவது எனக்குக் கொடுத்திருந்தால் நான் அந்த நம்பருக்கு அழைத்திருக்கவே மாட்டேன். 14416 என்று டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசுகிறார்கள். பிறகு ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் என் மனைவி என்ன சொன்னாள் என்று சொல்லவில்லை. கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார். அடுப்பைப் பற்றிச் சொன்னேன். வீடும் நானும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கே தோன்றியது.

மகளிடம் சங்கிலி விஷயத்தைச் சொல்ல மூன்று வாரம் ஆனது. அவள் கோபப்படவில்லை, "என்னிடம் சொல்லியிருக்கலாமே அப்பா" என்றாள். தங்கை வீட்டுக்குப் போனது அதைவிடக் கடினமாக இருந்தது. பழம், பூ, பட்டுப் பாவாடை, வளையல் என்று தட்டுகளோடு வாசலில் நின்றேன். கஷாயத்தைச் சந்தேகப்பட்டதைச் சொன்னபோது அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மருமகள்தான் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகும் பல மாதம் தங்கை முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஆண்டு மார்கழித் திருவாதிரைக்கு அவளே விடியற்காலையில் தூக்குவாளியோடு வந்தாள். களி இன்னும் சூடாக இருந்தது. என் மனைவி வெல்லம் ஒரு பிடி கூடுதலாகப் போடுவாள். தங்கைக்கு அது நினைவிருந்தது.